ஆக்சிஜன் படுக்கை: ஒரு கணக்கு
வாசகர் கேள்விகள், நிபுணர் பதில்கள்

கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் திணறியதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஆக்சிஜனைச் சுற்றியே இருந்தன. மயக்கவியல் மருத்துவர் ஒருவரும், தீவிர சிகிச்சைப் பிரிவின் மூத்த செவிலியர் ஒருவரும், மருத்துவக் கருவிப் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

2021 மே மாதம் மாமாவைக் கூட்டிக்கொண்டு படுக்கை தேடி அலைந்தோம். ஒரு மருத்துவமனையில் கட்டில்கள் காலியாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆனாலும் ‘பெட் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது பொய்தானே?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அவர்கள் சொன்னது பொய்யாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த மாதத்தில் தமிழகத்தின் ஒருநாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது. அப்போது பற்றாக்குறையாக இருந்தது கட்டில் இல்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இருக்கும் குழாயிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வரும் என்பதுதான் பிரச்சினை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூக்கில் மெல்லிய குழாய் (கேனுலா) வைத்த நோயாளிக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் போதும் என்று வைத்துக்கொள்வோம். பை தொங்கும் மாஸ்க் போட்டவருக்கு 15 லிட்டர் வேண்டும். அடுத்த கட்டம் எச்.எஃப்.என்.சி. சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவி இது. ஒருவருக்கே நிமிடத்துக்கு 50 லிட்டர் ஆக்சிஜனை இழுத்துவிடும்.

100 பேர் இருக்கும் ஒரு கொரோனா பிரிவில் 60 பேர் கேனுலாவில், 30 பேர் மாஸ்க்கில், 10 பேர் எச்.எஃப்.என்.சி.யில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 60 பேருக்கும் சேர்த்து 240 லிட்டர். அடுத்த 30 பேருக்கு 450. கடைசிப் பத்துப் பேருக்கு மட்டும் 500. அதாவது பத்துப் பேர் குடிக்கும் ஆக்சிஜன், அறுபது பேர் குடிப்பதைப்போல இரண்டு மடங்கு. மொத்தம் நிமிடத்துக்கு 1,190 லிட்டர். ஒரு நாளைக்குச் சுமார் 17 லட்சம் லிட்டர் வாயு. திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு கிடைக்கும். ஆகவே இந்தப் பிரிவு நாளொன்றுக்கு 2 கிலோலிட்டர் திரவத்தைக் காலி செய்யும். 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய ‘டி டைப்’ சிலிண்டரில் கொடுப்பதென்றால் தினமும் 245 சிலிண்டர்.

அந்த மருத்துவமனையில் 6 கிலோலிட்டர் டேங்க் இருக்கிறது, டேங்கர் லாரி மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால், கையிருப்பு நூலிழையில் தொங்குகிறது என்று பொருள். இந்த நிலையில் புதிதாக நாலு பேரைக் காலிக் கட்டிலில் சேர்த்து மாஸ்க் போட்டால், உள்ளே ஏற்கெனவே படுத்திருக்கும் எல்லோருக்கும் அழுத்தம் இறங்கும். பொறுப்பில் இருக்கும் மருத்துவர் ‘பெட் இல்லை’ என்று சொன்னது அந்தக் கணக்கைப் பார்த்ததால் இருக்கலாம். அதை வாசலில் நிற்பவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் வைக்காததுதான் தவறு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 104 எண்ணோடு ஒருங்கிணைந்த கட்டளை மையம் தொடங்கியதன் நோக்கமே, குடும்பங்கள் வாசல் வாசலாக அலையாமல் எங்கே இடம் இருக்கிறது என்று ஓரிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

நாடு முழுதும் இதே கதைதான். முதல் அலையின் உச்சத்தில் நாளொன்றுக்கு 3,000 டன்னை ஒட்டி இருந்த மருத்துவ ஆக்சிஜன் தேவை, இரண்டாம் அலையில் 9,000 டன்னை நெருங்கியது. ஆக்சிஜன் பெருமளவில் தயாரானது கிழக்கே, உருக்காலைகள் இருக்கும் பகுதிகளில். தேவைப்பட்டதோ டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் தெற்கிலும். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவத்தைச் சாதாரண லாரியில் ஏற்ற முடியாது. அதற்கென்றே செய்த டேங்கர் வேண்டும். நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து என்பதால், காலி டேங்கர்களை மட்டும் விமானப்படை பறக்கவிட்டது. நிரப்பிய பிறகு அவை சாலையிலும் ரயிலிலும் திரும்பின. நைட்ரஜன், ஆர்கான் ஏற்றிய டேங்கர்களைக்கூடச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். சென்னைக்கு மே மாதம் ரயிலில் டேங்கர்கள் வந்து சேர்ந்தது தண்டையார்பேட்டையில்.

எங்கள் மருத்துவமனையில் டேங்க் பாதிக்கு மேல் நிரம்பியே இருந்தது. ஆனாலும் மூன்றாம் மாடியில் வென்டிலேட்டர்கள் ‘அழுத்தம் குறைவு’ என்று கத்தின. டேங்கில் ஆக்சிஜன் இருக்கும்போது படுக்கைக்கு ஏன் வரவில்லை?
– செவிலியர் கண்காணிப்பாளர், கொங்கு மண்டலம்

கேட்க வேண்டிய கேள்வி இது. டேங்கில் இருப்பது திரவம். நோயாளிக்குப் போக வேண்டியது வாயு. இடையில் நிற்பது வேப்பரைசர். டேங்க் பக்கத்தில் அலுமினியத் துடுப்புகளோடு உயரமாக நிற்குமே, அதுதான். மின்சாரம் எதுவும் இல்லாமல், சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கித் திரவத்தை வாயுவாக்குகிறது. ஒரு மணி நேரத்தில் இவ்வளவு வாயுதான் தர முடியும் என்ற வரம்பு அதற்கு உண்டு. மேலே சொன்ன 1,190 லிட்டர் என்பது மணிக்கு 71 கன மீட்டர். உங்கள் வேப்பரைசர் 50 கன மீட்டருக்கு வடிவமைத்ததாக இருந்தால், துடுப்புகளில் பனி படியத் தொடங்கும். பனி கெட்டியாகக் கெட்டியாக வெப்பம் உள்ளே போகாது, வாயு குறையும், குளிர்ந்த வாயுவே பைப்லைனுக்குள் நுழையும். டேங்க் நிறைந்திருக்கும், வார்டு மூச்சுத் திணறும்.

இரண்டு வேப்பரைசர் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டி, ஓய்வில் இருப்பதன் பனியை உருக விடவேண்டும். 2021-ல் பல இடங்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல். அப்படிச் செய்தால் இரண்டுமே உறையும். ஹோஸ் பைப்பால் சாதாரணத் தண்ணீரைத் துடுப்புகள் மேல் ஓடவிடுவது நல்ல முதலுதவி. கம்பியால் தட்டிப் பனியை உடைக்கக் கூடாது. குளிரில் இருக்கும் உலோக இணைப்பு விரிசல் விடும்.

அடுத்தது குழாயின் விட்டம். கட்டடம் கட்டியபோது ‘ஒரு வார்டில் ஒரே சமயத்தில் சிலருக்குத்தான் ஆக்சிஜன் தேவைப்படும்’ என்ற எண்ணத்தில் மெல்லிய செம்புக் குழாய் போட்டிருப்பார்கள். அந்த எண்ணம் சாதாரணக் காலத்துக்குச் சரி. ஓட்டம் இரண்டு மடங்கானால் குழாயில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். டேங்க் அருகே சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல் காட்டும் அழுத்தம், கோடிக் கட்டிலில் 3-க்குக் கீழே இறங்கிவிடும். அங்கேதான் வென்டிலேட்டர் அலறும்.

ஆகவே அதிகம் இழுக்கும் நோயாளிகளை எங்கே படுக்க வைக்கிறீர்கள் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. எச்.எஃப்.என்.சி. எல்லாவற்றையும் ஒரே அறையில், அதுவும் மேல்மாடிக் கோடியில் அடுக்கியதால்தான் பல இடங்களில் சிக்கல் வந்தது. டேங்குக்கு அருகே இருக்கும் தளத்தில் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு தளத்தின் நுழைவாயில் வால்வு அருகிலும் அழுத்த அளவியைப் பார்த்து, நெருக்கடியில் மணிக்கொருமுறை ஏட்டில் எழுத ஒருவரை நியமியுங்கள். அளவி 4-லிருந்து 3.6-க்கு வரும்போதே போன் அடித்தால் அரை மணி நேரம் கிடைக்கும். அலாரம் கேட்டபின் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

டேங்கை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை மகாராஷ்டிரத்தின் நாசிக் நகர மருத்துவமனை ஒன்று காட்டியது. 2021 ஏப்ரல் 21 அன்று அங்கே டேங்க் நிரப்பும்போது ஏற்பட்ட கசிவால் பைப்லைன் அழுத்தம் விழுந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வென்டிலேட்டர் படுக்கை ஒவ்வொன்றின் அருகிலும் நிரம்பிய சிலிண்டரும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கும் இருக்க வேண்டும் என்று நாங்கள் விடாமல் சொல்வது இதனால்தான்.

சின்ன சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் நோயாளியைக் கொண்டுபோகும்போது, வழியிலேயே தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் வரும் என்று கணக்கிட எளிய வழி உண்டா?
– தாலுகா மருத்துவமனை செவிலியர், தேனி மாவட்டம்

உண்டு. ‘பி டைப்’ சிலிண்டரின் உள்கொள்ளளவு 10 லிட்டர். அளவியில் காட்டும் அழுத்தத்தைப் பத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயு லிட்டரில் வரும். நிரம்பியது 150 பார் (அழுத்த அலகு) காட்டும்; அப்படியென்றால் 1,500 லிட்டர். 20-ஐ எப்போதும் தொடாத இருப்பாகக் கழித்துவிடுங்கள். அளவி 120 காட்டினால் 100 × 10 = 1,000 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால் 100 நிமிடம். பெரிய ‘டி டைப்’ சிலிண்டருக்குப் பத்துக்குப் பதில் 46.7-ஆல் பெருக்குங்கள். அளவி எந்த அலகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் 2,000 என்று காட்டும். அது பி.எஸ்.ஐ. என்ற வேறு அலகு, பயந்துவிட வேண்டாம், 14.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பயண நேரத்தை மட்டும் கணக்கிட்டுக் கிளம்புவதில்தான் தவறு நடக்கிறது. 2021 மே மாதத்தில் சென்னையில் பெரிய மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டின. 10 லிட்டர் ஓட்டத்தில் மூன்று மணி நேரம் என்றால் 1,800 லிட்டர். ஒரு முழு ‘பி டைப்’ போதாது. பயணத்துக்குத் தேவை என்று வரும் கணக்கைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் அழுத்தத்திலேயே ஓடும் சிறிய வென்டிலேட்டர் என்றால், நோயாளிக்குப் போவதற்கு மேல் கருவியும் கொஞ்சம் தின்னும். அதையும் சேருங்கள்.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை: வால்வை நம் முகத்துக்கும் நோயாளி முகத்துக்கும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி, ஒரு நொடி திறந்து மூடி, தூசியை வெளியேற்றுங்கள். ரெகுலேட்டரைப் பூட்டும்போது இடையில் சிறு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்துபோனால், எவ்வளவு இறுக்கினாலும் சீறிக்கொண்டே இருக்கும். வால்வை மெதுவாகத் திறங்கள். எண்ணெய், கிரீஸ், லோஷன் பட்ட கையோடு தொடாதீர்கள். ஃப்ளோமீட்டர் குண்டின் நடுப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் அளவு தவறும். ஹியுமிடிஃபையர் (ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர்) பாட்டிலின் மூடி புரி மாறிப் பூட்டியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நோயாளிக்குப் போகும் டியூபை ஒரு கணம் மடித்துப் பிடியுங்கள். பாட்டிலிலிருந்து விசில்போல் சத்தம் வந்தால் சரி. சத்தமே இல்லையென்றால் ஆக்சிஜன் மூடி வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. குண்டு மட்டும் 10 காட்டும், நோயாளிக்கு ஒன்றும் போகாது.

பை மாஸ்க்கின் பையை நோயாளிக்கு மாட்டுவதற்கு முன்பே விரலால் வால்வை அழுத்தி நிரப்பிவிடுங்கள். மூச்சை இழுக்கும்போது பை முழுதாகச் சப்பிப்போனால் ஓட்டம் போதவில்லை. சிலிண்டரை மிச்சம் பிடிக்க அந்த மாஸ்க்கை 5 லிட்டரில் ஓட்டுவது மிகத் தவறு. தான் வெளிவிட்ட காற்றையே நோயாளி திரும்ப இழுப்பார். 5 லிட்டர்தான் கொடுக்க முடியும் என்றால் கேனுலாவுக்கு மாறுங்கள்.

வயதான பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைக்கலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

கான்சன்ட்ரேட்டர் என்பது அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி. நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் வாங்குங்கள். கொள்ளைநோய் பயத்துக்காக என்றால் வேண்டாம். 5 லிட்டர் கருவி, 5 லிட்டர் ஓட்டம் வரைக்கும்தான் 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்சிஜனைத் தரும். 5 லிட்டரிலும் ரத்த ஆக்சிஜன் அளவு 90-ஐத் தாண்டாத நோயாளிக்கு அந்தக் கருவியை நம்பி ஓர் இரவு வீட்டில் வைத்துக்கொண்டதால் நேர்ந்த இழப்புகள் நிறைய. கரன்ட் போனால் நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதற்குப் பதில் ஒரு நல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தபின், நகப்பூச்சு இல்லாத, குளிராத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். 94-ம் அதற்கு மேலும் இருந்தால் வீட்டில் கவனிக்கலாம். 93-ஆகவோ அதற்குக் கீழாகவோ தொடர்ந்தால், மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டால், கிளம்பிவிடுங்கள். கருநிறத் தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் 94 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யக் கூடாது.

அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சொன்ன சாக்கா, இல்லை உண்மையிலேயே பயன் உண்டா?
– ஒரு வாசகி, காரைக்குடி

உண்மையான சிகிச்சை. நுரையீரலின் முதுகுப்புறத்தில்தான் திசு அதிகம். மல்லாந்து படுத்தால் இதயமும் வயிறும் அதை அழுத்தி மூடிவிடும். ரத்தம் அங்கே போகும், காற்று போகாது. குப்புறப் படுத்தால் அந்தப் பகுதி திறந்துகொள்ளும். கொரோனாவுக்கு வெகு முன்பே, 2013-ல் பிரான்ஸை மையமாகக் கொண்டு நடந்த புரோசேவா ஆய்வு, வென்டிலேட்டரில் கடுமையாக இருந்தவர்களை நாளுக்கு 16 மணி நேர அளவில் குப்புறப் போட்டபோது 28 நாளுக்குள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்ததைக் காட்டியது.

விழித்திருப்பவருக்கு முறை இது: ஒரு தலையணை கழுத்துக்குக் கீழே, ஒன்றோ இரண்டோ மார்பிலிருந்து தொடையின் மேல்பகுதி வரை, இரண்டு தலையணைகள் முழங்காலுக்குக் கீழ் உள்ள கால்பகுதிக்கு அடியில். முடிந்தவரை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். பிறகு வலப்பக்கம், சாய்ந்து உட்காருதல், இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகள், கடும் இதயநோய் உள்ளவர்கள், முதுகெலும்பு அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. மாற்றிய பதினைந்து நிமிடத்தில் அளவைப் பாருங்கள். ஏறாமல் இறங்கினால் திருப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: புரட்டும்போது கேனுலா கழன்று தலையணைக்கு அடியில் கிடப்பது அடிக்கடி நடக்கும். அளவு திடீரென்று விழுந்தால் முதலில் மூக்கைப் பாருங்கள்.

வென்டிலேட்டர்கள் வந்து இறங்கியும் பிரிக்காமல் கிடந்தன என்று செய்தி வந்ததே. வாங்கியதை ஓட்ட ஏன் முடியவில்லை?
– கல்லூரி மாணவர், திருச்சி

வென்டிலேட்டர் ஒரு கருவிதான். அதை நோயாளியோடு இணைத்து வைத்திருப்பது செவிலியர். குழாய் போட்ட நோயாளி இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. உறிஞ்சி எடுக்க வேண்டும். மூச்சுக்குழாயில் இருக்கும் சிறு பலூனின் அழுத்தம் 20-க்கும் 30-க்கும் இடையில் (சென்டிமீட்டர் நீர் அழுத்த அளவில்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். மயக்க மருந்து, ரத்த அழுத்த மருந்து என நான்கைந்து பம்புகள் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்ப வேண்டும், கண்ணையும் வாயையும் பராமரிக்க வேண்டும். அதனால்தான் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது விதி.

பத்து வென்டிலேட்டர் என்றால் எந்த நேரத்திலும் பத்துப் பேர். பாதுகாப்பு உடைக்குள் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ முடியாது என்பதால் எட்டு மணி நேரம் வேலை வாங்க முடியாது. ஆறு மணி நேர ஷிஃப்ட் என்றால் நாளுக்கு நாற்பது பேர். வார விடுமுறை, தொற்று வந்து தனிமையில் இருப்பவர்கள் எல்லாம் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டும். பத்துப் பெட்டிகளைப் பத்து நாளில் வாங்கலாம். அவர்களைப் பத்து நாளில் உருவாக்க முடியாது. குழாய் போட்ட ஒருவரைக் குப்புறப் புரட்டவே குறைந்தது ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

கையில் இருப்பதை வைத்து ஓட்ட ஒரு வழி உண்டு. ஐ.சி.யூ. அனுபவமுள்ள ஒரு செவிலியரின்கீழ் பொது வார்டுச் செவிலியர் மூன்று நான்கு பேரைச் சேர்த்து ஒரு குழுவாக்கலாம். பம்புகளையும் மூச்சுக்குழாயையும் அனுபவசாலி பார்ப்பார். திருப்புதல், வாய்ப் பராமரிப்பு, குறிப்பெழுதுதல் மற்றவர்களுக்கு. இது நெருக்கடிக்கு மட்டும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால் படுக்கைப்புண்ணும் கிருமித்தொற்றும் கூடும். அதைச் சொல்லித்தான் நிர்வாகத்திடம் ஆள் கேட்க வேண்டும்.

உதடு காய்கிறது என்று ஆக்சிஜனில் இருக்கும் அம்மாவுக்கு வாசலின் தடவலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

வேண்டாம். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். நீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள். கையில் சானிடைசர் தடவினால் முழுதும் உலரும்வரை மாஸ்க்கைத் தொடாதீர்கள். சாமி படத்துக்கு விளக்கேற்றுவதும் அந்த அறையில் கூடாது. கேனுலாவைக் கழற்றிப் போர்வைமேல் ஓடவிட்டு வைத்தால், போர்வையே ஆக்சிஜனில் ஊறிவிடும், கழற்றினால் மூடிவிடுங்கள்.

கறுப்புப் பூஞ்சை ஏன் திடீரென்று வந்தது? தொழிற்சாலை ஆக்சிஜன்தான் காரணம் என்று படித்தேன்.
– ஒரு வாசகர், சேலம்

அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. பெரும்பாலான நோயாளிகளில் சேர்ந்தே காணப்பட்டவை இரண்டு: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அளவு மீறிய ஸ்டீராய்டு. மருத்துவமனைகளின் நெருக்கடி இந்த இரண்டாவதை ஊதிப் பெருக்கியது. இடம் கிடைக்காத குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து, காய்ச்சலின் இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தன. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு சொன்னது தெளிவானது: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. நம் ஊரில் அந்தக் கடைசி வரி காணாமல் போய்விட்டது.

அதன் விலையைப் பாருங்கள். கறுப்புப் பூஞ்சைக்கான மருந்தான லைபோசோமல் ஆம்போடெரிசின், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு, ஒரு நாளைக்கு. மூன்று வாரத்துக்கு 126 குப்பிகள். அதை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும், சலைன் என்ற உப்புக் கரைசலில் கலந்தால் திரிந்துவிடும். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் விடாமல் சோதிக்க வேண்டும். மூக்கு, சைனஸ், சில நேரம் கண்ணையே அகற்றும் அறுவை சிகிச்சையும் கூட. தமிழக அரசு 2021 மே மாதம் இதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. முகத்தில் ஒருபக்க வலி, மூக்கில் கறுப்புப் பொருக்கு, கண் வீக்கம், இரட்டைப் பார்வை, காரணமில்லாமல் ஆடும் மேல்பல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

கொரோனா இல்லாத நோயாளிகளும் இறந்தார்களே, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
– ஒரு வாசகர், கடலூர்

பேசவேண்டும். 2019-ல் இந்தியாவில் 24 லட்சம் பேருக்குக் காசநோய் இருப்பது பதிவானது; 2020-ல் 18 லட்சம். நோய் குறைந்துவிடவில்லை, சளிப் பரிசோதனைக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை, ஆய்வுக்கூடப் பணியாளர்கள் கொரோனா பரிசோதனைக்குப் போய்விட்டார்கள்.

வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்பவருக்கு ஊரடங்கு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. ஒருமுறை தவறினாலும் நீர் நுரையீரலில் ஏறும். தொற்று உள்ளவர்களை நாளின் கடைசி ஷிஃப்ட்டில் தனி இயந்திரத்தில் போட்டு, பிறகு கிருமிநீக்கம் செய்த மையங்கள் மூடாமல் ஓடின. ‘கொரோனா சான்று கொண்டுவா’ என்று திருப்பியனுப்பிய மையங்களின் நோயாளிகள் மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வந்து, இன்னொரு ஆக்சிஜன் படுக்கையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்புக்கும் இதே நியாயம்: பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்ய இடம் கிடைக்காத நாட்களில், தாலுகா அளவிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்புவது உயிரைக் காக்கும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 12 மணி நேரம் கடந்தால் பயன் மிகக் குறைவு.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வரிசையில் நிற்பவர்களைக் குறைப்பதும் மருத்துவமனையைக் காப்பாற்றும் வேலைதான்.

30 படுக்கைகள் உள்ள சிறு மருத்துவமனை நடத்துகிறோம். டேங்க் வைக்க இடமில்லை, சிலிண்டர் மானிஃபோல்டு (பல சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் அமைப்பு) மட்டும்தான். அடுத்த முறைக்கு இப்போதே என்ன செய்யலாம்?
– மருத்துவர், விருதுநகர் மாவட்டம்

முதலில் உங்கள் உச்சத் தேவையைத் தாளில் எழுதுங்கள். 24 பேருக்கு 5 லிட்டர், 6 பேருக்கு 15 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 210 லிட்டர்; நாளுக்கு 43 ‘டி டைப்’ சிலிண்டர். மானிஃபோல்டில் இருபுறமும் ஆறாறாகப் பன்னிரண்டு மாட்டியிருந்தால் ஏழு மணி நேரம்கூட வராது. அதாவது சப்ளையர் வண்டி நாளுக்கு நான்கு முறை வரவேண்டும். வருமா என்று இப்போதே அவரிடம் கேளுங்கள். வராது என்றால் உங்கள் மருத்துவமனையின் ஆக்சிஜன் படுக்கை முப்பது அல்ல, பத்தோ பன்னிரண்டோதான். அந்த எண்ணை வாசலில் எழுதிவைப்பதில் வெட்கமில்லை.

தேவையைக் குறைக்கவும் வழி உண்டு. கொரோனா நோயாளிக்கு ரத்த ஆக்சிஜன் அளவின் இலக்கு 92 முதல் 96 வரை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 88 முதல் 92. ஆக்சிமீட்டரில் 99 காட்டும் ஒவ்வொரு படுக்கையிலும் ஆக்சிஜன் வீணாகிறது. ஷிஃப்ட்டுக்கு இரண்டுமுறை ஒரு செவிலியர் கையில் ஆக்சிமீட்டரோடு சுற்றிவந்து ஒவ்வொரு லிட்டராகக் குறைத்தால், சேமிப்பு கண்ணுக்குத் தெரியும். நோயாளி சாப்பிடவும் கழிப்பறைக்கும் போகும்போது திறந்தே கிடக்கும் குழாய்களை மூடினாலே கணிசமாக மிஞ்சும்.

ஆக்சிஜன் தயாரிக்கும் பி.எஸ்.ஏ. இயந்திரம் வைக்கலாம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துச் சுமார் 93 சதவீத ஆக்சிஜன் தரும். ஆனால் அதன் முழுச் சுமையையும் தாங்கும் ஜெனரேட்டர் இருக்கிறதா, காற்று வடிகட்டி மாற்ற ஆள் வருவாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓடாமல் மூடிவைத்தால் உள்ளிருக்கும் ஜியோலைட் குருணை ஈரம் இழுத்துக் கெட்டுவிடும். வாரம் ஒருமுறையாவது ஓட்டி, தூய்மை அளவியில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். சிலிண்டர் நிரப்ப அதனால் முடியாது. அதற்குத் தனி பூஸ்டர் வேண்டும்.

கசிவுச் சோதனை: நோயாளி இல்லாத ஒரு தளத்தின் வால்வை மூடி, அளவியைக் குறித்துக்கொண்டு, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் சுவர்ப் புள்ளி ஒவ்வொன்றிலும் சோப்புநீர் தடவிக் குமிழி தேடுங்கள். அங்கே இருக்கும் ரப்பர் வளையம் தேய்வதுதான் வழக்கமான காரணம்; மலிவான பொருள், ஒரு டப்பா கையிருப்பில் இருக்கட்டும்.

காலி சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் ஒரே சுவரில் சாயக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு அவசரத்தில் காலியை மாட்டிவிடுவார்கள். நிறைந்தவை இடப்பக்கம், காலி வலப்பக்கம், ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டை, எல்லாவற்றுக்கும் சங்கிலி. மானிஃபோல்டு ஸ்பேனரைச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள். தீப்பிடித்தால் எந்தத் தள வால்வை யார் மூடுவது, மூடுவதற்கு முன் எந்த நோயாளிகளுக்குச் சிறு சிலிண்டர் மாட்டியாக வேண்டும் என்பதை வால்வுப் பெட்டிக் கதவிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். இரவு டியூட்டிக்குப் புதிதாக வரும் செவிலியரை, முதல் நாளே அந்தப் பெட்டியைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள்.